ஆண்டி பே துரை கிணறு வெட்டிய வரலாறு

வடகரைச் சந்திப்புக்கு நூற்றைம்பது வயது ஆகிவிட்டது என்ற செய்தி அந்த ரயில் நிலையத்துக்கே தெரியாது. நாளொன்றுக்கு அறுபது எழுபது வண்டி வந்து போகிற இடம். அதற்குத் தன் வயதைப் பற்றி யோசிக்க நேரம் ஏது? ஆனால் மதுரையில் நேரம் உள்ளவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் கூடி 'வடகரைச் சந்திப்பு நூற்றைம்பதாம் ஆண்டு வரலாற்று மீட்புக் குழு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வரலாறு எங்கே மாட்டிக்கொண்டிருந்தது, யார் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முதலாம் நடைமேடையின் மேற்குக் கோடியில் பார்சல் மூட்டைகள் கிடந்த அறையைக் குழுவுக்கு ஒதுக்கினார்கள். மூட்டைகள் வெயிலுக்குப் போயின, குழு நிழலுக்கு வந்தது.

எழுமலை பேயாண்டி அந்த அறை வாசலில் முதன்முதலாக வந்து நின்றபோது அவர் கையில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. அவர் மனைவி சின்னத்தாய் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்து அனுப்பிய செம்பு. அவருக்கு வேண்டியது அந்தச் செம்பு நிறையத் தண்ணீர். இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பின்னால் தீர்மானங்களும் உட்குழு அறிக்கைகளும் வந்து குவியும்போது குழுவுக்கு மறந்ததைப் போல நமக்கும் மறந்துவிடக் கூடாது. அவர் கேட்டது ஒரு செம்புத் தண்ணீர்.

அது எந்தத் தண்ணீர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் வண்டிக்குக் கரியைவிடத் தண்ணீர்தான் பெரிய பாடு. நிலையம் கட்டியபோது கிணற்றுக்காக மூன்று இடங்களில் தோண்டி, மூன்றிலும் பாறை தட்டிக் கைவிட்டார்கள். நான்காவது இடத்தில், எழுமலையிலிருந்து கிணறு வெட்ட வந்த பேயாண்டி என்பவர் தன் ஆட்களோடு இறங்கி முப்பத்தெட்டு அடியில் ஊற்றுக் கண்டார். உப்புக் கரிக்காத தண்ணீர். அன்றிலிருந்து எஞ்சின்கள் குடித்தது அதைத்தான். நீராவி போய் டீசல் வந்து, டீசல் போய் மின்சாரம் வந்த பிறகும், துப்புரவுப் பணியாளர் முதல் சிவப்புச் சட்டைப் போர்ட்டர் வரை எல்லோருக்கும் அது பேயாண்டி கிணறு.

அந்தப் பேயாண்டி நம் பேயாண்டியின் பாட்டனுக்குப் பாட்டன். அவர்கள் வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை மூத்த பேரனுக்கு அந்தப் பெயர் வரும். சும்மா வராது. கிணற்றிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து, பிள்ளையின் நாக்கில் சொட்டு வைத்து, காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். நம் பேயாண்டிக்குப் பெயர் வைத்த அன்று ஒரு போர்ட்டர் வாளி விட்டு இறைத்துக் கொடுத்தாராம். பக்கத்தில் நின்ற ஸ்டேஷன் மாஸ்டர், "வெரசாச் சொல்லுங்கப்பா, தூத்துக்குடி வண்டி வந்துட்டுருக்கு" என்றாராம். அன்றைக்கு நடைமுறை அவ்வளவுதான்.

இப்போது பேயாண்டிக்குப் பேரன் பிறந்திருந்தான். மகன் முத்துக்குமரன் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு ஆனையூரில் குடியிருந்தான். மருமகள் சத்யப்ரியா தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

"மாமா, நான் மரியாதக் கொறைவாச் சொல்லல. எம்புள்ள ஸ்கூல்ல போயி பேயாண்டின்னு சொன்னா, பேயி பேயின்னு ஓட்டுவாங்களா மாட்டாங்களா?"

"ஓட்டுவாய்ங்கதான் தாயி. என்னையுந்தான் ஓட்டுனாய்ங்க. நான் திருப்பி ரெண்டு குடுத்தேன்."

"ரியான்ஷ்னு வச்சா யாருக்கும் ரெண்டு குடுக்க வேண்டியதில்லேல்ல?"

பேயாண்டி அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் தும்மல் பாதியில் நின்றுபோனது போலிருந்தது. கடைசியில் முத்துக்குமரன் நடுவில் புகுந்து ஒரு முடிவு சொன்னான். பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் போனால் மாநகராட்சியில் சுலபமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் அப்பா கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்துவிட்டால் பேயாண்டி. வராவிட்டால் ரியான்ஷ்.

"ஒரு செம்புத் தண்ணிக்கு ஒரு வருசமா? நாளைக்கே வாரேன்" என்று பேயாண்டி சிரித்தார். பிள்ளைக்கு அப்போது நான்கு மாதம்.

அடுத்த நாள் அவர் போனபோது கிணற்றைச் சுற்றிக் கம்பி வலை அடித்திருந்தது. வலையில் புது நீலப் பலகை ஒன்று. எழுத்துக் கூட்டிப் படித்தார். 'ஆண்டி பே துரை கிணறு. வரலாற்றுச் சின்னம். தொடாதீர்.'

"இந்த ஆண்டி யாருப்பா?" என்று பக்கத்தில் நின்ற போர்ட்டரைக் கேட்டார்.

"தெரியலண்ணே. போன மாசந்தான் வந்தாரு" என்றார் போர்ட்டர்.

குழு அறையில் மேசைக்குப் பின்னால் முனீஸ்வரி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கெட்டவள் இல்லை. ஆனால் அவளிடம் இருந்ததெல்லாம் படிவங்கள். மனுசனுக்கு என்ன வேண்டும் என்பதைவிட எந்தப் படிவம் வேண்டும் என்று யோசித்தே பழகிவிட்டாள்.

"தண்ணியா? குடிக்கவா, ஆய்வுக்கா?"

"பேரு வைக்க."

முனீஸ்வரி கட்டைப் புரட்டினாள். குடிக்க ஒரு படிவம் இருந்தது, ஆய்வுக்கு ஒன்று இருந்தது, படப்பிடிப்புக்குக்கூட ஒன்று இருந்தது. பெயர் வைக்க இல்லை. அதனால் மூன்றையும் நிரப்பச் சொன்னாள். கூடவே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு. பேயாண்டி டவுனுக்குள் போய் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்தார். "சிரிக்காதீங்கண்ணே, ஆபீஸ் போட்டோ" என்றான் ஸ்டுடியோக்காரன். அவர் சிரிக்காமல் விறைப்பாகப் பார்த்தார். முறுக்கு மீசை, அகலக் காது, இடது புருவத்துக்கு மேல் மாடு முட்டிய பழைய தழும்பு, எல்லாம் பளிச்சென்று விழுந்தன.

படிவத்தை வாங்கிய முனீஸ்வரி தலையைச் சொறிந்தாள். "உங்களுக்கும் துரைக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு கட்டம் இருக்குங்கய்யா. அதைக் காலியா விட்டுருக்கீங்க."

"எந்த துரைக்கும் எனக்கும் சம்பந்தமில்ல தாயி. அது எம் பாட்டனுக்குப் பாட்டன் வெட்டுன கெணறு."

"அப்ப நீங்க தலைவரத்தான் பாக்கணும்" என்றாள் அவள். தலைவரைப் பார்க்க ஒரு மாதம் ஆனது. வியாழக்கிழமை மட்டும்தான் பார்ப்பார். நான்கு வியாழனில் இரண்டு பொது விடுமுறை, ஒன்று அவர் வீட்டுக் கல்யாணம். ஒவ்வொரு வியாழனும் எழுமலையிலிருந்து பஸ் ஏறி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, செம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பினார் பேயாண்டி. பஸ்ஸில் கண்டக்டர்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டார், "என்னண்ணே, இன்னைக்கும் செம்பு காலியா?"

நான்காவது வியாழனில் கதவு திறந்திருந்தது. குழுத் தலைவர் முனைவர் சிவபாண்டி ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். அவர் வீட்டில் காபி கேட்பதும் மேடையில் பேசுவதும் ஒரே தமிழில்தான். மேசைமேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய வரைபடம் இருந்தது. நிலையம் கட்டிய காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்கார ஓவர்சீயர் வரைந்தது. கிணறு இருக்கும் இடத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் 'பே' என்று ஒரு சொல், கொஞ்சம் இடம் விட்டு 'ஆண்டி' என்று ஒரு சொல், அடுத்துக் கிணறு என்று பொருள்படும் 'வெல்'.

"காண்க பெரியவரே!" என்றார் சிவபாண்டி. "குடும்பப் பெயரை முன்னால் எழுதுவது அக்கால அலுவலக மரபு. எனவே குடும்பம் பே. இயற்பெயர் ஆண்டி. ஆண்ட்ரூ என்பதன் செல்லச் சுருக்கம். நூற்றைம்பது ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாத இம்மாமனிதரை நான் ஒரே பிற்பகலில் கண்டெடுத்தேன்."

பேயாண்டி வரைபடத்தின்மேல் குனிந்து பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ஆனால் காது கேட்கும்.

"ஐயா, இப்ப நீங்க படிச்சதை சேத்துப் படிங்க."

"எதற்கு?"

"சும்மா, எனக்காக."

"பே ஆண்டி. பேயாண்டி."

"அதான் ஐயா! பேயாண்டி! எங்க ஆளு. பேரக் காதுல கேட்டதை அந்தத் துரை ரெண்டா ஒடச்சு எழுதிப்புட்டாரு."

சிவபாண்டி புன்னகைத்தார். முப்பது வருடமாக மாணவர்களைப் பார்த்துப் புன்னகைத்த வாய் அது. "பெரியவரே, நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார் பாருங்கள். வெள்ளையர் காரணமின்றி இடைவெளி விடமாட்டார்."

"மை தீந்து தொட்டுருப்பாரு."

"அதற்கு ஆதாரம் உள்ளதா?"

"எல்லாரும் அதப் பேயாண்டி கெணறுன்னுதான சொல்றாய்ங்க? போர்ட்டரக் கேளுங்க."

"அதைத்தான் நானும் கூறுகிறேன். 'பே ஆண்டி' என்ற உயர்ந்த பெயர் பாமரர் வாயில் விழுந்து 'பேயாண்டி' என்று மருவிவிட்டது. தங்கள் முன்னோர் துரையின்மீது கொண்ட பக்தியால் அந்த மருவிய பெயரையே தம் பிள்ளைகளுக்குச் சூட்டியுள்ளனர். எவ்வளவு நெகிழ்ச்சியான செய்தி! இதை நான் என் நூலில் சேர்த்துக்கொள்கிறேன்."

பேயாண்டிக்குக் காது சூடேறியது. "எங்க கொலசாமி பேரே பேயாண்டிதான் ஐயா. அந்தச் சாமிய உங்க துரை வர்றதுக்கு முன்னாடி நாங்க என்ன சொல்லிக் கும்பிட்டோம்?"

சிவபாண்டி பேனாவை எடுத்தார். "சிறந்த வினா. இதற்கென ஓர் உட்குழு அமைக்கப்படும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்பது பேயாண்டிக்குப் பஸ் ஏறிய பிறகுதான் புரிந்தது. அடுத்த மாதம் ஒரு வேன் எழுமலைக்கு வந்தது. எட்டுப் பேர் இறங்கினார்கள். சாமியை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்தார்கள், தலைப்பாகையை அளந்தார்கள். வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பக் கூடாது என்று சின்னத்தாய் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். உட்குழுவின் அறிக்கை நாற்பது பக்கம் வந்தது. இப்பகுதி மக்கள் ஆண்டி பே துரையைத் தெய்வமாகவே வழிபடுகின்றனர் என்றும், சாமியின் தலைப்பாகை துரையின் தொப்பியிலிருந்து திரிந்த வடிவம் என்றும், உணவு காரசாரமாக இருந்தது என்றும் அதில் கண்டிருந்தது. மூன்றில் கடைசி மட்டும் உண்மை.

இதற்கிடையில் துரையின் வரலாறு வாராவாரம் வளர்ந்தது. அறை வாசலில் ஒட்டிய தட்டிகளில் பேயாண்டி அதைப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு வியாழனில் துரை ஸ்காட்லாந்தில் பிறந்தார். அடுத்த வியாழனில் அவருக்கு மதுரை மல்லிகை மிகவும் பிடித்திருந்தது. இதற்கு என்ன ஆதாரம் என்று முனீஸ்வரியைக் கேட்டார்.

"பிடிக்கலைங்கிறதுக்கு ஆதாரம் கெடைக்கலைங்கய்யா" என்றாள் அவள், பார்வையைத் தாழ்த்திக்கொண்டு.

"எனக்கு மட்டும் ஆதாரம் கேக்குறீங்களே தாயி?"

"உங்களுக்கும் ஒரு வழி சொல்லியிருக்காங்க. மொதப் பேயாண்டியோட இறப்புச் சான்றிதழ் கொண்டு வந்தா மறுபரிசீலனை பண்ணலாமாம்."

பேயாண்டி கிராம அலுவலரிடம் அலைந்தார், தாலுகா ஆபீசில் அலைந்தார். நூறு வருடத்துக்கு முந்தைய சாவுக்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்? 'பதிவு இல்லை' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் குழுவில் கொடுத்தார். பத்து நாளில் பதில் வந்தது. சத்யப்ரியாதான் படித்துக் காட்டினாள்.

"'பேயாண்டி என்பார் இறந்தமைக்குப் பதிவு இல்லாததால் அவர் உயிருடன் உள்ளதாகவே கருதப்படும். எனவே அவரே அசல் அடையாள அட்டையுடன் வியாழக்கிழமை நேரில் வந்து உரிமை கோரலாம்.'"

படித்து முடித்தவள் இன்னொரு தடவை மனதுக்குள் படித்தாள். பிறகு கடிதத்தை மடித்தாள். "என்ன மாமா இது? லூசா இவங்க?"

"புள்ளைக்குப் பதினொரு மாசமாச்சு தாயி. விடு. நீ நெனச்ச பேரையே வச்சுரு" என்றார் பேயாண்டி. அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்திருந்தது. அதைவிட அவர் தேய்ந்திருந்தார். தன் பாட்டனுக்குப் பாட்டனை அவரே கற்பனை செய்துகொண்டாரோ என்றுகூட ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது தோன்றிவிட்டது. அதை நினைத்து அவருக்கு அழுகையே வந்தது.

சத்யப்ரியா அப்போது ரியான்ஷ் என்று சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிள்ளைக்கு ஒரு வயது முடிய இரண்டு நாள் இருக்கும்போது தபாலில் இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில், 'தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டு, ஆண்டி பே துரை கிணற்றிலிருந்து ஒரு செம்பு நீர் எடுக்க அனுமதி வழங்கப்படுகிறது' என்று முத்திரையோடு தாள். இன்னொன்றில் மறுநாள் விழா அழைப்பிதழ். ஆண்டி பே துரையின் முழு உருவச் சிலைத் திறப்பு. பேயாண்டிக்கு மூன்றாம் வரிசையில் 'துரை பக்தர்' என்ற பிரிவில் இடம்.

"பக்தராவது ஒண்ணாவது. தண்ணி கெடச்சிருச்சுல்ல?" என்று பேயாண்டி செம்பைத் தேடினார். எட்டு மாத அலைச்சலும் அந்த ஒரு தாளில் மறந்துபோனது. அவ்வளவு லேசான மனசு.

முத்துக்குமரனுக்கு லீவு கிடைக்கவில்லை. சத்யப்ரியா பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பிள்ளையோடு மாமனாரை அழைத்துக்கொண்டு போனாள். முதலாம் நடைமேடையில் பந்தல். ஒலிபெருக்கியில் விழாக்காரர்கள் பேசிக்கொண்டிருந்ததால் வண்டி அறிவிப்புகளை நிறுத்திவைத்திருந்தார்கள். எந்த வண்டி எந்த நடைமேடை என்று தெரியாமல் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேம்பாலத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள்.

பேயாண்டி நேராகக் கிணற்றடிக்குப் போனார். கம்பி வலை இல்லை. கிணறும் இல்லை. கிணறு இருந்த இடத்தில் வழுவழுவென்று கிரானைட் பீடம். அதன்மேல் பட்டுத் துணி போர்த்திய உருவம்.

முனீஸ்வரி தண்ணீர்ப் பாட்டில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பேயாண்டி அனுமதித் தாளை நீட்டினார். "தாயி, கெணறு எங்க?"

"அடியில இருக்குங்கய்யா" என்றாள் அவள். "செலைக்கு ஸ்டேஷன்ல வேற எடம் கெடைக்கல. கிணத்த மண்ணப் போட்டுத் தூத்து, மேல கான்கிரீட் போட்டுட்டாங்க. போன வாரந்தான்."

"பின்ன எதுக்கு எனக்குப் பெர்மிஷன் குடுத்தீங்க?"

"அது வேற உட்குழுங்கய்யா."

பேயாண்டி அப்படியே பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடையில் சிவபாண்டி பேச எழுந்தார்.

"பெரியோர்களே! இக்கிணற்றை வெட்டிய மாமனிதரை இந்நாடு மறந்தது. நன்றி மறந்தது. நாங்கள் மறக்கவில்லை. அவர் வெட்டிய கிணற்றின்மேலேயே அவரை நிறுத்தியிருக்கிறோம். இனி இக்கிணற்றை எவரும் அசுத்தப்படுத்த முடியாது. எவரும் நீர் இறைக்க முடியாது. எவரும் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. ஒரு கிணற்றுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறு உண்டா?"

கைதட்டல். பட்டுத்துணியை இழுத்தார்கள்.

தொப்பி. கோட்டு. முழங்கால் வரை பூட்ஸ். கையில் சுருட்டிய வரைபடம். எல்லாம் துரைதான். ஆனால் தொப்பிக்குக் கீழே முறுக்கு மீசை இருந்தது, அகலக் காது இருந்தது, இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருந்தது. சிற்பி வேலையில் சுத்தம். தழும்பைக்கூட விடவில்லை.

சத்யப்ரியா சிலையைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், மறுபடி சிலையைப் பார்த்தாள். "மாமா... இது நீங்க."

"துரை போட்டோ எங்கயும் கெடைக்கல" என்று முனீஸ்வரி மெல்லச் சொன்னாள். "ஆண்டி பே ஃபைல்ல ஒரு போட்டோதான் இருந்துச்சு. உங்க விண்ணப்பத்துல ஒட்டுனது. சிற்பி கேட்டாரு, எடுத்துக் குடுத்துட்டாங்க. நான் சொன்னேங்கய்யா. யாரும் கேக்கல."

பேயாண்டி தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பீடத்தை நோக்கி ஓரடி வைத்தார். விழாக் காவலர் ஒருவர் குறுக்கே கையை நீட்டினார். "பெரிசு, தள்ளி நில்லு. துரையத் தொடக் கூடாது."

அவர் தள்ளி நின்றார். அந்த மனுசன் அந்த இடத்தில் தள்ளி நின்றதைத்தான் சத்யப்ரியாவால் தாங்க முடியவில்லை. அவர் கையிலிருந்த செம்பைப் பிடுங்கினாள். நடைமேடைக் குழாயில் பிடித்து நிறைத்தாள்.

"அது கெணத்துத் தண்ணியில்லையே தாயி?"

"போர்த் தண்ணி மாமா. இதே மண்ணுக்கடியிலேர்ந்துதான் வருது. அந்த ஊத்து மேல அவங்க என்ன கான்கிரீட் போட முடியும்? வாங்க."

விசாரணைக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அனந்தலக்ஷ்மி மைக்கை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருடமாக அந்த நிலையத்தின் குரல் அவர். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்று வண்டிகள் அறிவிப்பில்லாமல் வந்து போய்விட்டன. ஜன்னலில் வந்து கத்தியவர்கள் எல்லோரும் கத்தியது அவரைப் பார்த்துத்தான்.

"மேடம், ஒரு காணாமப் போன அறிவிப்பு" என்றாள் சத்யப்ரியா.

"வண்டி அறிவிப்புக்குத்தான் தடை. ஆள் காணோம்னா சொல்லலாம். யாரு?"

"பேயாண்டி. வயசு ஒண்ணு. தகப்பன் பேரு முத்துக்குமரன். ஊர் எழுமலை."

அனந்தலக்ஷ்மி எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "கொழந்தை உங்க இடுப்புலயே இருக்கே?"

"கொழந்தை இருக்கு மேடம். பேரைத்தான் காணோம். இந்த ஸ்டேஷன்லதான் தொலஞ்சிருச்சு." அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். கிணறு, செம்பு, படிவம், போட்டோ, பீடம். சொல்லி முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது. "நாளையோட வருசம் முடியுது. காதுல மூணு தடவை சொல்லணுமாம். எனக்கு அவன் காதுல மட்டும் சொன்னாப் பத்தாது."

அனந்தலக்ஷ்மி பந்தல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சிவபாண்டி மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். அனந்தலக்ஷ்மி சுவிட்சைத் தட்டினார். டிங் டாங் என்று மணி ஒலித்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எழுமலையைச் சேர்ந்த முத்துக்குமரன் மகன் பேயாண்டி... எங்கிருந்தாலும் உடனடியாக முதலாம் நடைமேடைக்கு வரவும்."

பேயாண்டி விரலைச் செம்பில் நனைத்துப் பேரன் நாக்கில் ஒரு சொட்டு வைத்தார். பிள்ளை சப்புக் கொட்டியது. அடுத்து இந்தியில் அறிவிப்பு வந்தது. நடுவில் அவருக்குப் புரிந்த சொல் ஒன்றுதான், அது போதும். இரண்டாவது சொட்டு.

மூன்றாவதாக இங்கிலீஷ். இருபத்தாறு வருடப் பழக்கம். அனந்தலக்ஷ்மிக்கு அந்த மொழி வந்தாலே நாக்கு ஸ்டைலாகப் புரளும். "மாஸ்டர் பே... ஆண்டி" என்று ஒலிபெருக்கிகள் முழங்கின.

பந்தலில் சிவபாண்டி சிலிர்த்துப் போனார். "கேட்டீர்களா! நிலையமே அவரை அழைக்கிறது!" என்று கூவினார். முன் வரிசை எழுந்தது, அதைப் பார்த்து மற்ற வரிசைகளும் எழுந்தன. நடைமேடை அதிரக் கைதட்டினார்கள். சத்தத்தில் மிரண்டு பிள்ளை வீறிட்டு அழுதான். பேயாண்டி மூன்றாவது சொட்டை வைத்தார். அழுகையோடு அதையும் விழுங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை மாநகராட்சி அலுவலகத்தில் சத்யப்ரியா வரிசையில் நின்றாள். முறை வந்தது. ஜன்னலுக்குள்ளிருந்த எழுத்தர் கம்ப்யூட்டரில் காலிக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"பையன் பேரு?"

"பேயாண்டி."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்வையைக் கண்டு மறுபடி குனிந்துகொண்டார். "இங்கிலீஷ்ல எப்பிடிம்மா எழுதணும்?"

"எந்த எழுத்து வேணா போடுங்க சார்" என்றாள் சத்யப்ரியா. "ஆனா சேத்து எழுதுங்க. நடுவுல மட்டும் எடம் விட்றாதீங்க."